நாலு மணி லாரி

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கோகிலவாணி முன்னறைக்கு வந்தாள். நாலு மணிக்கு மகன் வந்துவிடுவான். வருவான் என்றால் வாசல் வழியாக அல்ல. ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரில், ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, இந்த மேஜைமேல் இருக்கும் திரைக்குள் ஒரு மஞ்சள் லாரியில் வருவான். அவள் நீல லாரியில் கிளம்புவாள். இருவரும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் பனி மூடிய மலைப்பாதையில் மரக்கட்டை லோடு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருவர் சேற்றில் மாட்டினால் இன்னொருவர் இரும்புக் கயிறு போட்டு இழுப்பார். கோயமுத்தூர் கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு சந்து வீட்டில், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற ஐம்பத்து மூன்று வயதுக்காரி ஞாயிறு தவறாமல் லாரி ஓட்டுகிறாள் என்றால் கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஃபால்ஸ் வைக்க வருகிற பெண்கள் மேஜைமேல் இருக்கும் பெரிய திரையைப் பார்த்து, "ஏனுங்க்கா, பையன் கம்ப்யூட்டருங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க, அவனோடதுதான், சும்மா கெடக்குது" என்பாள். சும்மா கிடந்தால் பரவாயில்லையே, இப்போது அது ஓட மாட்டேன் என்றல்லவா படுத்துக்கொண்டிருக்கிறது. காந்திபுரத்துக் கடையில் அஸ்லம் என்கிற தம்பி அதற்குள் போடுகிற ஒரு கார்டை எடுத்து வைத்திருக்கிறான். "ஞாயித்துக்கெழம பொழுதோட வரைக்கும் வெச்சிருக்கறனுங்க்கா. நீங்க கேபினட்ட தொறந்து உள்ளுக்கு ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பி உடுங்க. நீளம் பத்துமான்னு பாத்துட்டுச் சொல்றேன். பத்தலீனா நீங்க காசக் குடுத்துட்டு அழுகக் கூடாது பாருங்க" என்றான். நல்ல பிள்ளை. தலையில் கட்டி அனுப்பாமல் போட்டோ கேட்கிறானே, அவன் நன்றாக இருக்கட்டும்.

போட்டோ எடுக்க வேண்டியதுதான். ஆனால் எடுத்து அனுப்பிவிட்டால் வாங்குவது என்று ஆகிவிடும், அதனால்தான் கை வரவில்லை. ஃபால்ஸ் தைத்துச் சேர்த்த காசு ஒரே ஒரு பொருளுக்குத்தான் காணும். அந்த ஒரு பொருள் எது என்பதில்தான் ஒரு மாதமாக மண்டை காய்கிறது. மகன் பிரசன்னா விளக்கமாகத்தான் சொல்லியிருந்தான். படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு, அது கிழடாகிவிட்டது, மாற்றினால் பனி, மலை, மரம் எல்லாம் தடங்கலில்லாமல் ஓடும். ஆனால் பெரிய கார்டு வாங்கினால் அதற்குக் கரண்ட் பத்தாது, பவர் பெட்டியும் பெரிதாக வாங்க வேண்டும். கார்டை விட்டுவிட்டு ரேம் இன்னொன்று போடலாம், விலை கம்மி, ஆனால் அதில் பாதி வியாதிதான் தீரும். பிராசசரை மாற்றலாம் என்றால் அதற்கு மதர்போர்டையும் மாற்ற வேண்டும், அதை மாற்றினால் கூடவே ரேமும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கையைப் பிடித்து இழுக்கிறது. புதுச் சேலை எடுத்தால் ஜாக்கெட், ஜாக்கெட் எடுத்தால் உள்பாவாடை என்று போகிற கதைதான், அவளுக்கா தெரியாது. அதனால் செகண்ட் ஹேண்டில், சின்னதாக, இருக்கிற கரண்டிலேயே ஓடுகிற ஒரு கார்டு. அஸ்லம் வைத்திருப்பது அதுதான். வாங்கினால் தையல் மெஷினுக்கு மோட்டார் இந்த வருஷமும் இல்லை. மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, டாக்டரம்மா மோட்டார் போட்டுக்கொள்ளச் சொல்லியே இரண்டு தீபாவளி போய்விட்டது. சோறு போடுகிற மெஷினுக்கு மோட்டார் வாங்காமல் விளையாடுகிற மெஷினுக்குக் கார்டு வாங்குகிறவளை என்ன சொல்வது? பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும். இல்லை, வேண்டாம், மோட்டாரே வாங்கிவிடலாம். லாரி இல்லாவிட்டால் என்ன, போனில் பேசிக்கொண்டால் போயிற்று.

போனில்தான் பேச வராதே அவனுக்கு. போனில் முகம் தெரியும். "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேன்மா." "என்ன சாப்பிட்டே?" "பிரெட்டுதாம்மா." "குளுருதா?" "ஆமாம்மா." அப்புறம் அவன் காதைச் சொறிவான், அவள் முந்தானையைச் சரி செய்வாள், அவ்வளவுதான். லாரி ஓட்டும்போது அப்படியில்லை. இருவர் கண்ணும் ரோட்டில் இருக்கும், முகம் கிடையாது, குரல் மட்டும்தான். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டே, "ரூம்ல கூட இருந்த பையன் காலி பண்ணிட்டுப் போயிட்டாம்மா" என்பான். பாலத்தில் மெதுவாக ஏறும்போது, "ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்பான். அவள் ஐயோ என்று பதறாமல், "அந்தப் பாறையப் பாத்துத் திரும்பு" என்பாள். கொஞ்ச தூரம் போய்விட்டு, "படுக்கறதுக்கு முன்னாடி பாலு குடிச்சுப் பாரு" என்பாள். அவன் ம் என்பான். இப்படித்தான் அவளுக்குத் தன் பிள்ளையைத் தெரியும், லோடு லாரியின் சத்தத்துக்கு நடுவில். போன வாரமும் அப்படித்தான் ஆரம்பித்தான். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்." "சொல்லு கண்ணு." "கோவிச்சுக்கக் கூடாது." அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிட்டது. பனி பாதியில் தொங்குகிறது, குரலும் அறுந்துபோயிற்று. மறுபடி படம் அசைந்தபோது நீல லாரி பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது, அவன் வெகுதூரம் மேலே போய் நின்றிருந்தான். "நான் வெயிட் பண்றேம்மா, மெதுவா வா." "என்னமோ சொல்ல வந்தயே?" "ஒண்ணுமில்லம்மா, அப்பறம் சொல்றேன்." கடைசியில், "அடுத்த வாரம் வேணா சும்மா போன்லயே பேசிக்கலாம், நீ எதுக்கு வீணா செலவு பண்ணிட்டு" என்றான். எதைச் சொல்ல வந்திருப்பான்? கல்யாணமா? யாராவது வெள்ளைக்காரப் பெண்ணா? அதற்கென்ன, கூட்டிக்கொண்டு வரட்டுமே. உடம்புக்கு ஏதாவதா? வேலையா? பகுதி நேரமாகப் பெட்டி தூக்குகிற இடத்தில் ஏதாவது அடிபட்டுக் கொண்டானா? இல்லை, இந்தக் கிழவிக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை வீணாக்க முடியவில்லை, சேக்காளிகள் கூப்பிடுகிறார்கள், இதோடு விட்டுவிடலாம் என்பதைத்தான் சொல்ல வந்தானா? இந்தக் கடைசி இடத்துக்கு வந்துதான் ஒவ்வொரு தடவையும் அவள் மனது மாட்டிக்கொள்கிறது. இரும்புக் கயிறு போட்டு இழுக்கவும் ஆள் இல்லை.

ஆனால் நினைத்துப் பார்த்தால் இதெல்லாம் அவளுக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அந்தக் கொரோனா வருஷத்தில், காலேஜ் மூடி வீட்டில் கிடந்தவன் இந்த மேஜையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பான். கூட விளையாடுகிற பையனுக்கு ஒரு நாள் காய்ச்சல். "அம்மா, சும்மா இந்த ரெண்டு பட்டன மட்டும் அமுக்கிட்டு இரும்மா, லாரி உருண்டு போகாம நின்னாப் போதும்" என்று பழைய லேப்டாப்பை அவள் மடியில் வைத்தான். கையில் பூண்டு வாசத்தோடு அமுக்கினாள். லாரி நிற்கவில்லை, ஏறியது. அவள் பாட்டுக்கு மேட்டில் ஏறிக்கொண்டே போனாள். மேலே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையாக மலை. அவள் அப்பா சைக்கிள்கூடத் தொட விட்டதில்லை, கட்டிக்கொண்டவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்ததோடு சரி. வாழ்க்கையில் முதல் தடவை தானே ஒரு வண்டியைத் திருப்பினாள், அது திரும்பியது. மகன் பக்கத்திலிருந்து, "அம்மா செம்மம்மா!" என்று கத்தினான். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஊருக்குக் கிளம்பும்போது இந்தப் பெரிய கம்ப்யூட்டரை விற்றுவிட்டுப் போயிருக்கலாம், கூட்டாளிகள் கேட்டார்கள். விற்கவில்லை. "உனக்கு இருக்கட்டும்மா" என்று சொல்லி, காலேஜ் நாளில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டிய பெட்டியை விட்டுவிட்டுப் போனான். எத்தனை பிள்ளைகள் அம்மாவுக்கு லாரி விட்டுவிட்டுப் போகிறார்கள்!

அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அவர் புரண்டு படுக்கிறார். சென்னியப்பன், அவள் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூஞ்சியில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிற தூக்கத்தை இடி விழுந்தாலும் கலைக்க முடியாது. பின் வீதியில் இரண்டு லேத்து போட்ட சின்னப் பட்டறை, பம்புக்கு உருப்படி கடைந்து கொடுக்கிறார். அவருக்கு இந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் "பொட்டி"தான். "பொட்டி முன்னால உக்காந்துட்டியா?" "பொட்டிக்குக் கரண்டு எவ்வளவு இழுக்குதோ." திட்டியதில்லை, நிறுத்து என்றும் சொன்னதில்லை. நாலு மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார், முடிந்த பிறகுதான் வருவார். "பையன் நல்லாருக்கானா?" என்று ஒரே கேள்வி. நல்லாருக்கானுங்க என்றால் முடிந்தது. கார்டு விஷயத்தை நேற்றுச் சொன்னபோதும் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "வேணும்னா வாங்கு அம்மிணி, வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதில் பிரியம் இருந்ததா அலுப்பு இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் பிரியத்தைக் காட்டுவதெல்லாம் இரும்பிடம்தான். ஆயுத பூஜை வந்தால் பார்க்க வேண்டும். இரண்டு நாள் முன்னாலேயே லேத்துகளைப் பிரித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, மறுபடி பூட்டி, மோட்டாரிலிருந்து ஆரம்பித்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். முகப்பில் வைக்க மாட்டார். "உழைக்கறது உள்ளுக்குத்தான, அதுக்கு வெக்கோணும்" என்பார். இந்த வருஷம் அவள் பட்டறையில் பொரி கடலை, பூசணிக்காய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள், எலுமிச்சம்பழம் மறந்துபோயிற்று. "நா போயி எடுத்தாரேன்" என்று வீட்டுக்குக் கிளம்பிப் போனவர் வரவே இல்லை. சூடம் ஏற்ற நேரம் போகிறது, பக்கத்துப் பட்டறையில் பூசணிக்காய் உடைத்தே ஆகிவிட்டது. கடைசியில் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறார். "எலுமிச்சம்பழத்த மரத்துலருந்து பறிச்சிட்டு வந்தீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அவர் பழத்தை லேத்துக்கு அடியில் வைத்தார். பட்டறை முடிந்து வந்து வீட்டுப் பூஜையை அவள்தான் போட்டாள். தையல் மெஷின், மிக்ஸி, அருவாமனை, கத்திரிக்கோல், டிவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் கம்ப்யூட்டரிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். விளையாட்டுச் சாமான்தானே, அதைப் போய் ஆயுதம் என்று பொட்டு வைத்தால் அவர் சிரிப்பாரோ என்று கூச்சம். வைத்திருக்கலாம். அதற்கு அப்புறம்தான் இது இப்படிப் படுத்துக்கொண்டது. சாமி குற்றம் என்றெல்லாம் இல்லை. மகனுக்குப் பரீட்சை, சில வாரம் விளையாடவே இல்லை. தீபாவளி கழிந்து உட்கார்ந்தால், விளையாட்டில் ஏதோ புது அப்டேட் வந்து பனி இன்னும் அடர்த்தியாகியிருந்தது, அதைத் தாங்க முடியவில்லை இந்தக் கிழட்டுக் கார்டுக்கு என்று அவனே சொன்னான். "ஒயர எதையாச்சும் தொட்டீங்களாம்மா?" என்றுகூடக் கேட்டான். "ஆரு தொடறா இங்க? ஒருத்தரும் தொடல சாமி" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

சரி, போட்டோவாவது எடுத்து வைப்போம், அனுப்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மகன் பழக்கியபடி முதலில் சுவிட்சை அணைத்தாள். கேபினட்டைத் தரையில் இறக்கிப் பக்கத்துத் தகட்டின் திருகுகளைக் கையாலேயே திருகினாள். இறுக்கமாக இருக்கும் என்று நினைத்தாள், லேசாக வந்துவிட்டது. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பிள்ளை போனதிலிருந்து திறக்காத பெட்டி, உள்ளே தூசியும் நூலாம்படையும், பல்லி முட்டைகூட இருக்கும். இவள் தைக்கிற அறையில் பறக்கிற நூல் பிசிறு கொஞ்சமா நஞ்சமா. தகட்டை இழுத்து எடுத்தாள். தூசி இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஒரு துளி தூசி இல்லை. விசிறியின் ஒவ்வொரு இதழும் துடைத்த மாதிரி இருக்கிறது, ஒயர்கள் எல்லாம் ஒழுங்காக ஓரமாக இழுத்து, பட்டறையில் கட்டுகிற கறுப்பு டேப்பால் கட்டப்பட்டிருக்கின்றன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திருடன் வந்து பெட்டியைச் சுத்தம் பண்ணிவிட்டா போவான்? டார்ச் வெளிச்சம் அடியில் இருந்த பவர் பெட்டியில் விழுந்தது. அதன்மேல் காய்ந்து வெடித்துப்போன சந்தனம், ஒரு கட்டைவிரல் அகலம். நடுவில் குங்குமம். மேலே விசிறியின் நடு மையத்திலும் ஒரு பொட்டு. கார்டின் முதுகில் ஒன்று. மோட்டாரிலிருந்து ஆரம்பித்து, உள்ளுக்கு உழைப்பதற்கெல்லாம். கோகிலவாணி டார்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம். அடக் கடவுளே, எலுமிச்சம்பழம் எடுக்கப் போனவர்!

யாரும் இல்லாத வீட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இதே இடத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒயரை எல்லாம் கழற்றியிருப்பார், லேத்தைப் பிரிக்கிற மாதிரியே. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காமல் விட்டாரே, அந்த மட்டுக்கும் புண்ணியம். பிரஷ்ஷால் தட்டி, துணியால் ஒற்றி, பொட்டு வைத்து, மறுபடி ஒவ்வொன்றாகப் பூட்டி, ஒரு வார்த்தை சொல்லாமல் அவளிடம் நாலு பேர் முன்னால் பேச்சும் வாங்கிக்கொண்டார். அவள் பொட்டு வைக்கக் கூச்சப்பட்ட சாமானுக்கு, அவள் வருவதற்கு முன்னாலேயே அவர் வைத்துவிட்டார். விளையாட்டுச் சாமான் என்று அவளே நினைத்தாள், அவர் நினைக்கவில்லை. பிள்ளையை வாரா வாரம் கொண்டுவந்து விடுகிற மெஷின் என்று நினைத்திருக்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னொரு போட்டோ இருக்கிறதே என்று பெட்டியின் முதுகைத் திருப்பினாள். திருப்பியவள் அங்கேயும் சந்தனத்தைப் பார்த்தாள். மானிட்டரிலிருந்து வருகிற கறுப்பு ஒயரின் தலையில் விரல் ரேகையோடு மஞ்சள் கறை. அந்த ஒயர் மேலே இருந்த ஒரு துளையில் சொருகியிருந்தது. கீழே, அந்தக் கார்டு எட்டிப் பார்க்கிற இடத்தில், அச்சாக அதே மாதிரி இன்னொரு துளை காலியாக இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே வடிவம். படம் வரைவது கார்டு என்றால், படத்தைக் கொண்டுபோகிற ஒயர் கார்டில் அல்லவா இருக்க வேண்டும்? மேல் துளை கார்டைச் சேர்ந்தது இல்லையே, அது மதர்போர்டோடு இருக்கிறதே? தைத்துக் கொடுத்தது ஒருத்தி, கூலி வாங்கியது இன்னொருத்தி மாதிரி! அவர் ஏன் மேலே சொருகினார் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டறையில் இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் தண்ணீர் தரையெல்லாம் ஓடும். சுவிட்ச் போர்டில் மேலும் கீழும் இடம் இருந்தால் கீழே எவனாவது சொருகினான் என்றால் தொலைந்தான். "கீழ தண்ணி எறங்கும், மேல சொருகு, எப்பவும் மேல சொருகு" என்று முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிற மனிதர். பெட்டிக்குத் தண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று பார்த்து, பத்திரமாக, மேலே சொருகியிருக்கிறார். கார்டு இத்தனை நாளாகப் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வரக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது எதற்காக வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

இதுவாக இல்லாமலும் இருக்கலாம். அதையும் நினைத்துக்கொண்டுதான் ஒயரை மேலேயிருந்து உருவிக் கீழே சொருகினாள். சந்தனம் உதிர்ந்துவிடாமல் பக்குவமாகப் பிடித்துக்கொண்டாள். தகட்டை மாட்டி, பெட்டியைத் தூக்கி வைத்து, சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. இன்னும் கறுப்பு. ஐயோ, இருந்ததையும் கெடுத்துவிட்டேனா, ஓடிக்கொண்டாவது இருந்ததே, இப்போது நாலு மணிக்கு என்ன சொல்வேன் என்று ஒயரை மறுபடி உருவக் குனிந்த நேரத்தில் வெளிச்சம் வந்தது. விளையாட்டைத் திறந்தாள். நீல லாரி மலையடிவாரத்தில் நின்றது. திரையின் ஓரத்தில், படம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தாள். இரண்டு மாதமாகப் பன்னிரண்டு, பதினைந்து என்று இருமிக்கொண்டிருந்தது அறுபதில் போய் நின்றது. பனி விழுந்தது, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக. போனை எடுத்து அஸ்லமைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்தக் கார்ட வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க. எங்களோடதே ஓடுது." "என்னுங்க்கா ஆச்சு?" "ஒயரு மாறியிருந்துச்சு தம்பி." "நல்லதாப் போச்சு போங்க, காசு மிச்சம்" என்று அவனும் சந்தோஷமாகவே சொன்னான். வியாபாரம் போயிற்றே என்று முகம் சுளிக்காத அந்தக் குரலுக்கும் அவளுக்குக் கும்பிடு போடத் தோன்றியது. திரும்பினால் நிலைப்படியில் சென்னியப்பன், தோளில் துண்டு, தூக்கக் கலக்கம். "கடைக்குப் போகோணும்னியே, வண்டிய எடுக்கட்டா?" "வேண்டாமுங்க. சரியாப் போச்சு." "அதுவாவா?" அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாம். சொன்னால் இந்த மனிதர் இனி அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார், அடுத்த ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நேரத்துக்கு வந்துவிடும். "அதுவாத்தானுங்க" என்றாள். அவர் பெட்டியை ஒரு தடவை பார்த்தார், பிடரியைத் தடவிக்கொண்டார். "பூசை போட்ட மெசினு அம்மிணி. அப்படியெல்லாம் கை உட்றாது" என்றார். "ஆமாங்க" என்றாள் கோகிலவாணி. மனதார, ஒரு சொட்டுக் கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள்.

நாலு மணிக்கு மஞ்சள் லாரி வந்தது. "அம்மா, போன்லயே பேசலாம்னு சொன்னேன்ல?" "வண்டிய எடு கண்ணு, பேசிட்டே போலாம்." கிளம்பினார்கள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, நீல லாரி எங்கேயும் திக்கவில்லை. "என்னம்மா, கார்டு வாங்கிட்டியா?" "இல்ல சாமி. அப்பா பாத்து உட்டாரு." "அப்பாவா!" பின்னால் ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. டீக்கடைக்குப் போகிற நேரம்தான், அவர் போகவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் மகன் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. போன வாரம் கவிழ்ந்த மேடு வந்தது. அவள் வேண்டுமென்றே ஒன்றும் கேட்கவில்லை, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டாள். பாதி மேட்டில் அவனே ஆரம்பித்தான். "அம்மா, ரெண்டு பேப்பர் போயிருச்சும்மா. உங்கிட்ட நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னது பொய்." அவள் கையைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை. இதுதானா? இவ்வளவுதானா? அவள் பயந்த எதுவுமே இல்லை. "சரி, திருப்பி எழுதிக்கலாம்ல?" "எழுதலாம்." "அப்பறம் என்ன." அவன் லாரியை ஒரு பாறையைச் சுற்றித் திருப்பினான். "போன்லயே பேசிக்கலாம்னு சொன்னது, உனக்குச் செலவு வேண்டாமேன்னுதாம்மா. நீ நிறுத்திராதம்மா. வாரத்துல இந்த ஒரு மணி நேரந்தான் நான் நம்ம பாஷையில பேசறேன். மத்த நாளெல்லாம் வாயே தொறக்கறதில்ல" என்றான். அவளுக்கு முன்னால் ரோடு மங்கியது, பனி காரணம் இல்லை, இந்தத் தடவை கார்டும் காரணம் இல்லை. "என்ன சொல்றான்?" என்று பின்னாலிருந்து கேட்டார் சென்னியப்பன். "மேடு ஏறறானுங்க" என்றாள். "லோடு அதிகமாட்ட இருக்குது. அவசரப்படாம ஏறச் சொல்லு" என்றார். அவள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, லாரியை ஓரமாக நிறுத்தி, கீழே பார்த்தாள். மஞ்சள் லாரி பின்சக்கரம் வழுக்க, தயங்கித் தயங்கி ஏறி வந்துகொண்டிருந்தது. "மெதுவா வா கண்ணு," என்றாள், "அம்மாவும் அப்பாவும் மேலதான் நிக்கறம்."